அப்போ உன் விடை என்ன, மச்சான்?

நவ. 21, வெள்ளி

விடாத மழை. கடலூரே சொதசொத. தேவனாம்பட்டினத்துப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. மீன் கிடையாது, கத்திரிக்காய்தான்.

சிதம்பரத்திலிருந்து மச்சான் ஜான்சன் வந்தாச்சு. தம்பி வந்தால் என் மனைவி எஸ்தருக்குக் கால் தரையில் பாவாது. நாளை எங்கள் பள்ளியில் பேச்சு: 'உயிரின் தோற்றம்: அறிவார்ந்த வடிவமைப்பு'. திங்கள் முதல் அவனுடைய சிறுநூலைப் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நான் நடத்த வேண்டுமாம். தாளாளர் உத்தரவு.

நோட்டீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடவுள் படைத்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறான், ஆனால் கடவுள் என்ற சொல்லே இல்லை. சபையில் சாட்சி சொல்கிறவன், இங்கே மட்டும் ஏன் மறைக்கிறான்? நானும் ஜெபிக்கிறவன்தான். அதனாலேயே சந்தேகம் ஜாஸ்தி.

நவ. 22, சனி

தூறல். நன்றாகத்தான் பேசினான், பொய் சொல்லக் கூடாது. கடலில் வேதிப்பொருள் கலந்து உயிர் வந்ததென்பது தப்பு. செல் தானாக அமையாது. பரிணாமத்தில் ஓட்டை. ஓட்டை, ஓட்டை, வேறு பேச்சே இல்லை.

எனக்கோ விடைத்தாள் திருத்திய புத்தி. அடுத்தவன் எழுதியது தப்பென்று பக்கம் பக்கமாக எழுதினாலும் மார்க் போட முடியாது. எழுந்துவிட்டேன்.

"அதெல்லாம் தப்புன்னே வச்சுக்குவோம் மச்சான். உயிர் எப்படி வந்துச்சு?"

"ஒரு அறிவு வடிவமைச்சுது மாமா."

"எப்போ? எதுலேர்ந்து? எப்படிச் செஞ்சுது?"

"அது எங்க கேள்வி இல்ல."

"அப்போ உன் விடை என்ன?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் செத்துப்போச்சு.

வீட்டில் எஸ்தர்: "அத்தன பேர் முன்னாடி என் தம்பிய அசிங்கப்படுத்திட்டீங்க இல்ல?" சோறு வைத்தாள், பேச்சு இல்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது தப்பா?

நவ. 23, ஞாயிறு

வெயில். ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டு. சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் தலையை நீட்டினான்.

"உயிர் எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது மாமா."

"அடப்பாவி, அத மேடையில சொல்லியிருக்கலாமே!"

"தெரியாதுன்னு சொன்னா யாரு மைக் குடுப்பாங்க?"

நவ. 24, திங்கள்

மறுபடி மழை. எஸ்தர் இன்னும் பேசவில்லை. டிபன் பாக்ஸில் மட்டும் எலுமிச்சை சாதம், எனக்குப் பிடித்தது.

சிறுநூலைத் தாளாளர் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். போர்டில்: முதல் உயிர் எப்படி வந்தது? இன்னும் முழுசாகத் தெரியாது. இதுவரை தேடியது இவ்வளவு.

"சார், தெரியாதுன்னு எழுதுனா மார்க் உண்டா?"

"பப்ளிக்ல கிடையாதும்மா. என்கிட்ட உண்டு."

மச்சானுக்கும் போட்டிருப்பேன்.

வாசலில் பியூன். "தாளாளர் உடனே வரச் சொல்றாரு சார்."