பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே அயோவாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா ஆர்டிஸ் போய்விட்டார். பதறாதே, நிறைந்த வயது. பாதி ஊருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகு துணிக்கடை நடத்தி, பேரன் பேத்தி எடுத்தவர்.

அடக்கம் முடிந்ததும் சர்ச்சில் ஆளாளுக்குக் கொண்டுவந்ததைச் சாப்பிட்டோம். பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தால், பாதிப் பாத்திரங்களில் ஆர்டிஸ் பெயர்!

"எங்கப்பா செத்தப்ப ஆர்டிஸ் இதுலதான் சாப்பாடு கொண்டாந்தாங்க. நான் திருப்பியே குடுக்கல" என்றாள் பக்கத்து வீட்டு லவான்.

"நீ மட்டுமாடி? நானுந்தான்!" என்றாள் இன்னொருத்தி.

ஒன்றில் மட்டும் பெயரே இல்லை. "இது யாரோடது?" என்றார்கள். என்னுடையது.

"பேரு ஒட்டி வை. இனி இது யார் யார் வீட்டுக்குப் போகணுமோ!" என்றாள் லவான்.

அம்மா, ஒரு துண்டு ஒட்டுத்தாளில் என் பெயரை உன் கையால் எழுதி அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் நோரீன்