சுருளுக்கு வெட்டிய குழி

ரொம்மன், ஒஸ்லோ
15.10.2009, வியாழன்

இன்று யூதர்களின் சவக்காலையில் குழி வெட்டினேன். சின்னதாகப் போதும் என்றார்கள். குழந்தையாக்கும் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன்.

அவர்கள் மண்சாடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பெண்ணிடம் "என்ன வயது?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே இருந்தது தோலில் கையால் எழுதிய அவர்களுடைய வேதச்சுருள் என்றார். தண்ணீர்க்குழாய் வெடித்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாம். இனித் திருத்த முடியாது, எறியவும் கூடாது, மனிதரைப் போல அடக்கம் செய்ய வேண்டுமாம். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஒருவர் விம்மி அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோலுக்கும் மைக்கும்கூடக் குழி கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழமைபோலக் கேட்டார்.

"இண்டைக்கு ஆருடைய அடக்கம்?"

நடந்ததைச் சொன்னேன். மே மாதம் வன்னிப் போரில் காணாமல்போன என் தம்பிக்கு ஒரு ஆன்மசாந்திப் பூசை வைக்கவும் விடாதவர், சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, அடக்கத்துக்கு உடம்பு வேண்டாமோ?"

"அவைக்கு வேண்டாம் அம்மா."

கையைக் கழுவிவிட்டு அலுமாரியைத் திறந்தார். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த தம்பியின் நீலச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கனநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கவனமாக மடித்து, திரும்ப உள்ளே வைத்தார்.

"இது கிடக்கட்டும் மோனை. வந்தானெண்டா உடுக்க வேணுமெல்லே."