நீல டைல்ஸும் சால்வைக் கடையும்

வியாழன், இரவு

நான் டெல்லியில் தொலைந்துபோகவில்லை. எங்கள் தெருவே அப்படிச் சொல்கிறது, அது தவறு. டூர் நடத்தும் முருகையன், ஹுமாயூன் கல்லறையை அரை மணி நேரம் காட்டிவிட்டு எல்லாரையும் சால்வைக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் மேலே இருந்த நீல டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூளைச் சூட்டில் அந்த நிறம் வழியாமல் எப்படி நின்றது? பீங்கான் சூளையில் வேலை பார்த்தவரின் மனைவி நான். அதை விட்டுவிட்டுச் சால்வை பார்ப்பேனா? பிறகு ஆட்டோ பிடித்து, அவர்களுக்கு முன்பே ஓட்டலுக்கு வந்துவிட்டேன். என் போன் அறையில் இருந்தது. அது வேறு விஷயம்.

பிப்ரவரியில் மறுபடியும் டெல்லி போகிறார்கள். ஜனாதிபதி மாளிகைத் தோட்டம் திறந்திருக்கும். இன்று முருகையனிடம் பெயர் கொடுக்கப் போனேன்.

“புள்ளையக் கூட்டியாந்தாதாங்கம்மா சீட்டு. மறுபடியும் காணாம போயிட்டீங்கன்னா நான் இன்னா பண்றது?”

“நான் ஓட்டல்ல டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். சால்வைக் கடையில காணாம போனது நீதான் தம்பி.”

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகையன் சிரிக்கவில்லை. “யோசிச்சு சொல்றேங்க” என்றார்.

மகனுக்கு லீவு கிடைக்காது. எனக்குத் துணையும் வேண்டாம். காலையில் முருகையனுக்கு இப்படி எழுதி அனுப்புவேன்: நான் தனியாகத்தான் வருவேன். இடம் உண்டா, இல்லையா? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.