கும்பிட எடுத்த கை

ஆடி 9, செவ்வாய்

காலையில் காத்து இல்லை. விமானத் திடலில் இருந்தவர்கள்: பைலட் வாத்தியார், மெக்கானிக் அந்தோணி, துணைக்கு வந்த நாத்தனார் செல்வி, நான். வேறு யாரும் இல்லை.

வீட்டுக்காரவிய இறந்து பத்து மாசம். அவிய சேர்ந்த பிளேன் ஓட்டுற வகுப்பு, நான் முடிக்கிறேன். அம்பது வயசில் எதுக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியார் பக்கத்தில் இருக்க, ஊருக்கு மேலே பிளேனைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே அம்மன் கோயில் கோபுரம். (செருப்பை ஏறும்போதே கழற்றியாச்சு.) பிளேனைத் திருப்புற ஸ்டிக்கை விட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பிளேன் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. வாத்தியார்தான் பிடித்து நிமிர்த்தினார்.

இறங்கியதும் சொன்னார்: "சாமிய மனசுல கும்பிடுங்கம்மா. கை பிளேனுக்கு வேணும்."

அந்தோணி: "அம்மன் பாத்துக்கிடுவான்னு விட்டுட்டியளாக்கா?"

செல்வி சிரிக்கவில்லை. "மயினி, இறங்கி வரும்போதுகூட உங்க மூஞ்சி மாறலையே."

வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். சரியும்போது பயந்தீர்களா என்றார். இல்லை. உண்மை அதுதான்.

"அப்ப உங்களத் தனியா ஓட்ட விட மாட்டேன். பயமே இல்லாத ஆள்கிட்ட பிளேனக் குடுக்க முடியாதும்மா. பயம் வந்தா சொல்லுங்க."

ஆடி 10, புதன்

மாவு புளித்துவிட்டது. கற்பூரம் 5, ஆட்டோ 15, நல்லெண்ணெய் மீதி இருக்கு, வாங்கவில்லை.

கோயிலில் பயம் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எல்லாரும் அதைப் போக்கச் சொல்லித்தானே கேட்காவ.

ராத்திரி மகன் போன், பெங்களூரிலிருந்து. "பேசாம விட்டுருங்கம்மா. ஊரே சிரிக்குது."

சரி என்றேன். விட மாட்டேன். காலையில் எழுந்திருக்கிறதே இதுக்காகத்தான்.

ஆடி 12, வெள்ளி

பேய்க் காத்து. மொட்டை மாடியில் மோர் மிளகாய் காய வைக்கப் போனேன். விரித்த துணி பறந்தது. எட்டிப் பிடிக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். செங்கல் ஒன்று பெயர்ந்து தெருவில் விழுந்தது. நானும் போயிருப்பேன்.

"ஏங்க!"

கத்திவிட்டேன். அவியளைத்தான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி கீழேயிருந்து, "என்ன தங்கச்சி, யாரக் கூப்பிடுதீய?"

ஒன்றுமில்லை என்றேன். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். எழுத்து கோணுது. மிளகாய் மேலேயே கிடக்கு.

வாத்தியாருக்கு எழுத வேண்டியது:

ஐயா, பயம் வந்துவிட்டது. என்னைத் தனியாக எப்போது விடுவீர்கள்? சீக்கிரம் பதில் போடவும்.