செம்பூரில் திறந்து கிடந்த நம் மெயில்

கூட்டாளி,

செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் நீ. தாராவியில் நம் பிரஸ் வாசலில் நான் எடுத்த படம்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ வைவதற்கு வாயெடுத்த மாதிரி நிற்பாயே, அது. நம் மெயிலுக்கு நீ வைத்த படம் அடுத்தவர் பிரஸ்ஸில், அடுத்தவர் கம்ப்யூட்டரில் எப்படி வந்தது? உன் முகத்தின் மேல் அழுத்தினேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. நம் மெயில் முழுக்கத் திறந்துகொண்டது. அன்று காலையில் நமக்கு வந்த ஆர்டர்கூட மேலேயே இருந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் முகத்தைத் திடீரென்று பார்த்தவனுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா என்ன.

நான் அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் டியூஷன் கிளாஸ் நடத்துகிற சாரை உனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய பரீட்சைத் தாள்களை நாமும், வடாலாக்காரரும், செம்பூர் செல்வராணியும் பிரித்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் ஒரு தாள் பரீட்சைக்கு முன்பே பிள்ளைகளின் போனில் சுற்றிவிட்டது. பெற்றோர் கிளாஸுக்கே வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து கசிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேரையும் சார் கூப்பிட்டார். இனிமேல் வேலை முழுக்க ஒரே இடத்துக்குத்தான், கம்ப்யூட்டரையும் ஃபைலையும் யார் ஒழுங்காகக் காவல் காக்கிறார்களோ அவர்களுக்குத்தான் என்றார். அதைக் கண்டுபிடிக்க வெளியாளை வைக்கவில்லை. மற்ற இருவரின் பிரஸ்ஸையும் நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டேள். எனக்கு அதுதான் வேணும்" என்றார்.

நீ இருந்திருந்தால் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கு அது அல்வா மாதிரி இருந்தது. அடுத்தவன் பிரஸ்ஸுக்குள் புகுந்து மூலை முடுக்கெல்லாம் துருவுவதற்கு அனுமதி கிடைத்தால் நான் விடுவேனா? விளையாட்டும் இல்லை அது. அந்த வேலை கை நழுவினால் நம் மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கும். உன் வீட்டுக்குப் போகிற பங்கும் அதில்தான் இருக்கிறது.

போவதற்கு முன்னால் நம் இடத்தை மற்றவர் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். நீ வைத்துவிட்டுப் போன ஏற்பாடுகள் அப்படியேதான் நடக்கின்றன. வருகிறவர் கொண்டுவரும் பென்டிரைவ் முதலில் இன்டர்நெட் இல்லாத பழைய கம்ப்யூட்டரில்தான் ஏறும். அச்சில் கெட்டுப்போன தாளைக் கட்டிங் மெஷினில் நாலாக வெட்டிய பிறகுதான் பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக்காரனுக்குப் போடுகிறோம். அப்புறம் அந்த மெயில் விவகாரம். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் நம் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறப்பார், வாசகத்தை எடுத்துக் கொடுப்பார், டீ குடிப்பார், எழுந்து போய்விடுவார். அவருடைய பேங்க் சமாச்சாரம், மகளின் ஜாதகம், ஆபீஸ் சண்டை எல்லாம் நம் மேஜையில் திறந்து கிடக்கும். எந்த பிரஸ்ஸுக்குப் போனாலும் இதே கூத்துதான். "இவன் வீட்டையாவது பூட்டிட்டு வந்தானான்னு கேளுலே" என்று வைதுகொண்டே நீ ஒவ்வொன்றாக மூடுவாய். நான் எட்டிப் பார்ப்பேன். நீ கையால் திரையை மறைத்துக்கொள்வாய். உன்னை நான் நம்புவதற்கு அந்தக் கை ஒன்று போதும்.

நம்மிடம் ஓட்டை என்று சொன்னால் ஒன்றுதான். நீ போன பிறகு மெயிலின் பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. படத்தையும் எடுக்கவில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவன் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்று நீ கேட்பாய். கை வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வடாலா. வாசலில் விரல் வைத்தால் திறக்கிற பூட்டு போட்டிருக்கிறார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு பார்த்தால், கதவு சாத்தாமல் இருப்பதற்காக ஒரு பேப்பர் கட்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். மையிலும் தின்னரிலும் ஊறிய கை அல்லவா, வேலைக்காரர்களின் ரேகையை அந்த மெஷின் கண்டுகொள்வதே இல்லையாம். உள்ளே ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் அதன் பாஸ்வேர்டை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறார், அதுவும் இரண்டு கலரில். கேட்டால், "டென்ஷன் மத் லோ அண்ணாச்சி, கவலையே வேண்டாம், எல்லாம் கேமராவுல இருக்கு" என்கிறார். அந்தக் கேமராவை அவர் போனிலும் பார்க்கலாம், மச்சினன் போனிலும் பார்க்கலாம். ரத்திக் குவியலில் கையை விட்டேன். சாருடைய கணக்குத் தாள் முழுசாக வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடுதான் செம்பூருக்கு ரயில் ஏறினேன்.

செல்வராணி வாசலிலேயே என் போனை வாங்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். வேலையாட்களின் போன்களும் அதற்குள்தான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி இடம், வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துவிட்டு அவர்களுக்கே செய்தி அனுப்பிவிடுகிறாள். குறை ஒன்றும் கிடைக்காமல் எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. பின்னால் மூலையில் துணி போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதையும் பார்க்கணுமே என்றேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான் விடவில்லை. துணியை எடுத்தேன், திறந்தேன். நீ இருந்தாய்.

அவள் திகைக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு அவளே சொன்னாள். போன வருஷத்துக்கு முந்தின மழையில் நம் பிரஸ்ஸுக்குள் தண்ணீர் வந்ததே, அன்றைக்குக் கோயில் நோட்டீஸ் அடிக்க நீ அங்கே வந்தாயாம். அந்தக் கம்ப்யூட்டரில் நம் மெயிலைத் திறந்து, ஃபைலை எடுத்து, அடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டாயாம், மெயிலை மூடாமல். போகும்போது அவளுடைய மெஷின்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். சற்று நேரத்தில் திரும்பி வந்து தாராவிக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாயாம். மழையில் திக்கு தெரியவில்லை போல என்று அவளே டாக்சி பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறாள். பிறகு ஒரு நாள் மெயில் திறந்து கிடப்பதைக் கவனித்து உனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அவ்வொ என்ன சொன்னாவ தெரியுமா அண்ணாச்சி? நான் செம்பூருக்கு வந்ததே இல்ல, நீ யாருன்னு கேட்டாவ. உங்களுக்குத் தெரியாம எதோ பண்ணுதாவன்னு நெனச்சேன். கூட்டாளிங்க நடுவுல நாம எதுக்கு? அத மூடப்போயி, தொட்டா தொட்டவ மேலதான பழி வந்து விழும்? துணியப் போட்டு மூடிட்டேன்."

நம்ப முடியுமா சொல். வாடிக்கையாளர் மெயிலைக்கூட மூடாமல் விடாதவன் நீ. நம் மெயிலை மூடாமல் வருவாயா? தாராவியில் பிறந்து வளர்ந்தவன், செம்பூரில் நின்றுகொண்டு தாராவிக்கு வழி கேட்பாயா? கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் செருப்பு விஷயம் எனக்கே தெரியும். அன்று நீ வந்தபோது காலுக்குப் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு வந்தாய். நான் கேலி செய்தேன். "ரெண்டும் செருப்புதானலே" என்றாய். நோட்டீஸை வடாலாவில் அடித்ததாகவும் சொன்னாய். செம்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டே வடாலாக்காரருக்குப் போன் செய்தேன். நமக்கு ஒரு நோட்டீஸும் அடித்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் நீ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். ரயிலில் குர்லா வரைக்கும் என் புத்தி எங்கெல்லாம் போனது என்பதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம்மை விட்டுப்போன வேலைகளையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எந்த விலை சொன்னாலும் அதற்குக் கொஞ்சம் கீழே செம்பூர்க்காரி சொல்லிவிடுகிறாள் என்று நாம் புலம்பியதை நினைத்தேன். நீயும்கூடத்தான் சேர்ந்து புலம்பினாய். உன் கையே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. திரையை மறைத்தாயே, அடுத்தவரின் ரகசியத்தைக் காப்பாற்றவா, அல்லது நீ மட்டும் பார்ப்பதற்கா?

நேராக உன் வீட்டுக்குப் போனேன். மதினி குழாயடியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தாள். குடத்தை வாங்கி உள்ளே வைத்தேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், உனக்குச் செம்பூரில் யாராவது பழக்கமா என்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"செத்தவொ மேல என்ன பழிய எடுத்துட்டு வந்திருக்கிய?"

மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னாய் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் கோபப்படவில்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டாள். உனக்கு அந்த மழைக்கு முன்பே மறதி வந்துவிட்டதாம். பால் வாங்கப் போனவன் நம் தெருமுனையிலேயே நின்று, நாம் சின்ன வயதிலிருந்து நடந்த தெருவிலேயே, வீடு எது என்று பக்கத்துக் கடையில் கேட்டாயாம். சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டைப் போட்டு உட்காருவாயாம். டாக்டரிடம் போகலாம் என்றால் சண்டைக்கு வருவாயாம். நீ பிரஸ்ஸில் கீழே விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியில் தலைக்குள் கட்டி என்று சொன்னபோது நான்தான் அங்கே 'நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தான்' என்று டாக்டரிடம் கத்தினேன். மதினி அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம். நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"அவன்ட்ட மட்டும் சொல்லிராத. ஊர்ல ஒருத்தனையும் நம்பாதவன், என்னய நம்பிட்டு இருக்கான். எனக்கே ஞாபகம் போவுதுன்னு தெரிஞ்சா அவன் எங்க போவான்?"

வடாலா என்று நீ சொன்னது பொய்யில்லை. எங்கே போனோம் என்று உனக்கே தெரியவில்லை. செல்வராணி போன் செய்தபோது வந்ததே இல்லை என்று நீ சொன்னதும் அப்படித்தான்.

மறுநாள் செம்பூருக்குப் போய், அவள் கண்ணெதிரிலேயே நம் மெயிலை மூடினேன். பிறகு பாஸ்வேர்டையும் மாற்றினேன். உன் விரல் போட்ட எழுத்துக்களை என் விரல் அழித்தது. அங்கிருந்து மாட்டுங்காவுக்குப் போய் சாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வடாலா கதவு திறந்து கிடக்கிறது, ரத்தியில் தாள் முழுசாகப் போகிறது. செம்பூரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பிரஸ்ஸின் மெயில் வெளியே ஒரு கம்ப்யூட்டரில் இத்தனை நாள் திறந்து கிடந்தது, அவள் படித்தாளா இல்லையா என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. சார் என்னை வினோதமாகப் பார்த்தார். செல்வராணி ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருக்கிறாள். நம் பிரஸ் நல்ல பிரஸ் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், மெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் புத்தி அப்படி. வேலை அவளுக்குத்தான் போயிற்று. மதினிக்குப் போகிற பங்கைக் குறைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் ஆறமாட்டேன் என்கிறது. அந்த மழை நாளுக்குப் பிறகும் நாம் ஒரே மேஜையில் எத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தேன். உன் முகத்தை நான் ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

நீ என்னை ஏமாற்றியிருக்கலாம், கூட்டாளி. அதைத் தாங்கியிருப்பேன். உன்னை வாய்க்கு வந்தபடி வைதுவிட்டுக் கொஞ்ச நாளில் ஆறியிருப்பேன். கொட்டுகிற மழையில் அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வழி தெரியாமல் செம்பூரில் நின்றுவிட்டு வந்து, எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று என் எதிரே உட்கார்ந்து சிரித்தாயே. அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.