வெள்ளைக் கம்பளத்தின் நாலாவது மூலை

அம்மாவுக்கு மகன் அக்சூராவின் சலாம். முழங்கால் வலி தேவலையா? சிவப்புக் குதிரை குட்டி போட்டதா? நான் நலம்.

கசானில் வெள்ளிக்கிழமை ஒரு கூத்து. அண்ணன் இளவரசர் இருக்கும்போதே தம்பியை அரியணையில் ஏற்றிக் கானாக்கப் பார்த்தார் மாஸ்கோ தூதர். வழக்கப்படி புதுக் கானை வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்து, நாலு குலத்தாரும் ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்க வேண்டுமே! மாமாவுக்குக் காய்ச்சல், அதனால் நம் குலத்து மூலை என் பொறுப்பு. மற்ற மூவரும் தூக்கினார்கள். நான் கைகட்டி நின்றேன்.

"என்னப்பா, தூக்கு!" என்றார் தூதர்.

"நீங்களே தூக்குங்க ஐயா. உங்க ஆளுதானே?"

மனுஷன் நிஜமாகவே குனிந்து பிடித்துவிட்டார்! அந்நியர் கை பட்டதும் மூவரும் கம்பளத்தை விட்டுவிட்டார்கள். கானாக வேண்டியவர் தொப்பென்று தரையில் விழுந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பு உங்களுக்கே கேட்டிருக்கும்.

இப்போது தூதர் வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை, கதவு மட்டும் வெளியே பூட்டியிருக்கும். பேச ஆளில்லை. நீங்கள் உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டி கொஞ்சம் அனுப்புங்கள். மாமாவை மன்னிப்புக் கேட்க அனுப்பாதீர்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கினா வீட்டுக்குப் போ, இல்லேன்னா மாஸ்கோவுக்குத்தான்" என்கிறார்கள்.

கடிதம் கொண்டுவருபவன் அவசரப்படுத்துகிறான். அப்பாவின் ஓநாய்த்தோல் அங்கியையும் அவனிடமே கொடுத்தனுப்புங்கள். மாஸ்கோவில் குளிர் அதிகமாம்.