தரமணி ரேஞ்சில் நீ காவலிருந்த சனிக்கிழமைகள்

அம்மா,

இன்று காலை லஸ் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பதை நெருங்குகிறேன், படிக்க எழுத்து மங்குகிறது. கண் பரிசோதிக்கிற பெண் ஒரு கனமான இரும்பு ஃப்ரேமை என் மூக்கின்மேல் மாட்டி, இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மறைத்தாள். ஒற்றைக் கண்ணால் எதிரே பார்த்ததும் உடம்பு தானாக அடங்கிப்போனது. தோள் இறங்கியது. பாதி மூச்சை விட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு விடுங்க மேடம், ஊசியெல்லாம் போட மாட்டோம்" என்றாள்.

ரைபிளைத் தொட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்த நிமிஷம் நீ எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்ப்பது போலிருந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் போட்டாளா என்று என்னிடம் கேட்டிருப்பாய்.

நீ யாரையும் நம்பியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த வேலை அப்படி உன்னை ஆக்கியிருக்கலாம். "ஊருக்கு ஒரு பொய், வீட்டுக்கு ஒரு பொய். நாள் பூரா அதைத்தான் காதுல வாங்குறேன்" என்பாய். அப்பா நான் சின்ன வகுப்பில் படிக்கும்போதே போய்விட்டார். அதற்கப்புறம் அனுதாபப்பட்டு வந்தவர்களையும் வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பினாய். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மாடி வீட்டு மாமி, எல்லோரும் உன் கணக்கில் எதையோ மறைக்கிறவர்கள்தான். நானும் விதிவிலக்கில்லை. காலேஜிலிருந்து வந்ததும் பஸ் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, எந்த ஸ்டேஜில் ஏறினேன் என்று பார்ப்பாய்.

காலேஜ் என்று சொன்னாலும் அப்போது எனக்குப் பதினாறுகூட நிரம்பவில்லை. பள்ளியில் கொடுத்த டபுள் பிரமோஷன் என்னை அவ்வளவு சீக்கிரம் அடையாறில் பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. பிரமோஷன் கொடுத்தபோதும் நீ தலைமையாசிரியையிடம் போய், "வகுப்புல இடம் பத்தலன்னு தள்ளி விடுறீங்களா?" என்று கேட்டவள்தான்.

முதல் வருஷம் என்.சி.சி.யில் சேர்ந்தேன். கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். மற்ற பெண்கள் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சத்தத்துக்கு முன்னால் வரும் அமைதி பிடித்துப்போனது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தரமணியில் ஒரு சுடுதளத்தில், ரேஞ்ச் என்போம், ஏர் ரைபிள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். என் கையைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வரச் சொன்னார். ரைபிளும் அவரே கொடுத்தார்.

"சும்மா எதுக்குக் கொடுக்கிறார்?" என்று கேட்டாய். அடுத்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ரேஞ்சுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாய். அதற்கடுத்த வாரம் உள்ளேயே வந்துவிட்டாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கான பட்டாணியை உரித்துக்கொண்டிருப்பாய். கை அதுபாட்டுக்கு உரிக்கும். கண் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்குப் பக்கத்து இடத்தில் திருவல்லிக்கேணியிலிருந்து வரும் நஸ்ரீன் சுடுவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சொந்த ரைபிள் வைத்திருந்தவள். உன்னைப் பார்த்த முதல் நாளே "வணக்கம் ஆன்ட்டி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பேசுது. கொஞ்சம் பார்த்து நடந்துக்க."

இரண்டாம் செமஸ்டரில் என் புள்ளிகள் சரியத் தொடங்கின. பத்துகளும் ஒன்பதுகளும் விழுந்துகொண்டிருந்த இடத்தில் ஏழு, எட்டு. நன்றாகச் சுட்டேன் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். மாநில அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் உன்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "சின்னப் பொண்ணு மேடம். படிப்பும் இதுவுமா ரெண்டு பாரம் தாங்கல. இந்த வருஷம் விட்டுடட்டும்."

அந்த வாரமே எங்கள் துறைத்தலைவர் உன்னை வரச் சொல்லியிருந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவரும் அதையேதான் சொன்னார். வயசு பத்தாது, ரெண்டு குதிரையில் சவாரி முடியாது, துப்பாக்கியை நிறுத்துங்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வயசுப் பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை எங்க போறான்னு உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?"

என்னைச் சந்தேகப்பட உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே.

"தெரியும்" என்றாய். "நானும் கூடப் போறேன். போன வாரம் எத்தனை தடவை தண்ணி குடிச்சான்னுகூடத் தெரியும். உங்களுக்கு வேற என்ன தெரியணும்?"

வெளியே வந்து வேகமாக நடந்தாய். பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுறாங்க. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"இல்லம்மா, நிஜமாவே எனக்கு வரல."

"உனக்கு வராம இருக்காது. வேற என்னமோ இருக்கு."

அந்த வேறு என்னமோவைத் தேடி நீ இறங்கியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ரைபிளில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் முகத்துக்கு நேராகவே சொன்னாய். அவர் கோபப்படவில்லை. என் ரைபிளை வாங்கி அவரே சுட்டார். எல்லாம் நடுவில் விழுந்தது. விலைக்கு வாங்கின குண்டு மட்டம் என்றாய். அதே குண்டுகளை நஸ்ரீன் தன் ரைபிளில் போட்டுச் சுட்டாள். அதுவும் சரியாக விழுந்தது. நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் பயந்துபோய், "ஆன்ட்டி, நான் ஒண்ணும் பண்ணல" என்றாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மந்தைவெளி ஸ்டாப்பில் இறங்கியும் நீ வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. தூரத்தில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"அது என்ன நம்பர்?"

சொன்னேன். இன்னொன்று வந்தது. அதையும் கேட்டாய். நான் சொல்லச் சொல்ல நீ பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தலையைச் சாய்க்காம படி" என்றாய்.

நேராக நின்று பார்த்தேன். எண் இரண்டாகக் கலைந்து தெரிந்தது.

"நானும் யோசிச்சேன், யாரைப் பார்க்காம விட்டோம்னு. உன்னைத்தான் பார்க்கல" என்றாய். குரலில் குற்றம் சொல்லும் சாயல் இல்லை. திருட்டைக் கண்டுபிடித்த போலீஸ்காரனின் நிம்மதிதான் இருந்தது.

டாக்டர், வலது கண்ணில் கருவிழி வளைவு சரியில்லை, வட்டம் முட்டையாகத் தெரியும் என்றார். நீ அவரையும் நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனாய். அவரும் அதையே சொன்னபோது மட்டும், ஒரே மாதிரி பேசுகிறார்களே என்று நீ சொல்லவில்லை. கண்ணாடி வந்தது. புள்ளிகளும் மெதுவாகத் திரும்பி வந்தன. அடுத்த சனிக்கிழமை உரித்த பட்டாணியில் பாதியைப் பொட்டலம் கட்டி நஸ்ரீன் கையில் கொடுத்தாய். அவள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள் என்று சைகை காட்டினேன்.

தேர்வு நாள் காலையில் ஆட்டோவில் போனோம். ரைபிளுக்குப் பழைய திரைச்சீலையில் நீயே உறை தைத்திருந்தாய். யாராவது கேட்டால் கர்ட்டன் ராடு என்று சொல்ல வேண்டும் என்பது உன் உத்தரவு. அந்த வருஷங்களில் ஊரில் போலீஸ் சோதனை அதிகம், நீளமாக எதைப் பார்த்தாலும் நிறுத்துவார்கள். அடையாறு பாலத்துக்கு முன்னால் ஒரு கான்ஸ்டபிள் கை காட்டினார்.

"இன்னாம்மா அது, நீட்டமா கீது?"

நான் கர்ட்டன் ராடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "ரைபிள்" என்றாய்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். ஆட்டோக்காரர் இறங்கித் தள்ளி நின்றுகொண்டார். எஸ்.ஐ. வந்தார். உறையைப் பிரித்துக் காட்டி, மாஸ்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் நீட்டினாய். அவர் படித்துவிட்டு என் இரட்டைப் பின்னலையும் புதுக் கண்ணாடியையும் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவா சுடுது? ஸ்கூலா?"

"காலேஜ். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். பதினாறு வயசுல காலேஜும் போகுது, இதையும் பண்ணுது. ரெண்டுலயும் குறை சொல்ல ஆள் இல்ல. உங்க ஆளுங்களை நிக்க வெச்சாலும் இவதான் நல்லா சுடுவா."

எஸ்.ஐ. சிரித்துவிட்டு வழிவிட்டார். ஆட்டோ பாலத்தில் ஏறியது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"என்ன பார்க்கிற? அவன் முழியே சரியில்ல. கொஞ்சம் பயப்படட்டும்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நஸ்ரீன் முதலாவதாக வந்தாள். அணியில் கடைசி இடம் எனக்கு. நீ நடுவரிடம் போய் நான் சுட்ட இலக்கு அட்டைகளில் புள்ளிகளை மறுபடி எண்ணச் சொன்னாய். எண்ணினார்கள், மாற்றமில்லை. வீடு வரும்வரை உனக்கு அது தீரவில்லை. அந்த எண்ணிக்கையை நீ கடைசிவரை ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. பட்டப்படிப்பு முடியும்வரை சுட்டேன், இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வந்தது. அப்புறம் மேல்படிப்பு, வேலை, கல்யாணம் என்று ரைபிள் கைவிட்டுப்போனது. அதற்கும் நீ என் மாமியார் வீட்டைத்தான் சந்தேகப்பட்டாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இப்போது நானும் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில், முதல் வருஷத்தில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. காலையில் நீச்சல், அப்புறம் வகுப்பு. மார்க் சரிகிறது. இவளால் முடியவில்லை, ஏதாவது ஒன்றை விடச் சொல்லுங்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரும் சொன்னார். மூன்றாமவர் தலையாட்டினார்.

"எனக்கு நம்பிக்கையில்ல. வேற என்னமோ இருக்கு" என்றேன்.

அவளைக் கூப்பிட்டு என் எதிரே உட்கார வைத்தேன். எந்த பஸ், காலையில் என்ன சாப்பிட்டாய், ராத்திரி தூக்கம் வருகிறதா, ஹாஸ்டலில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும், எதற்கு இதையெல்லாம் கேட்கிறாள் என்கிற பார்வை. துளி நம்பிக்கை இல்லை.

கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை, அம்மா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.